தீர்க்கதரிசிகளின் கோபம் யார் மேல்? விக்கிரகமும் நியாயத்தீர்ப்பும்

ஜூன் 2, ஒரு வாசகரின் கேள்வி

பழைய ஏற்பாட்டைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஏசாயா முடிந்து எரேமியாவில் நிற்கிறேன். மரத்தையும் கல்லையும் கும்பிட்டதற்காக ஊரை எரிப்பேன், பிணங்களைப் பறவைகளுக்குப் போடுவேன் என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. விக்கிரகம் ஒன்றுமே இல்லை என்றால் அதன்மேல் ஏன் இத்தனை கோபம்? எனக்கென்னவோ இது பக்கத்து நாட்டுக்காரர்களின் சாமிகள்மேல் இருந்த பகை என்றுதான் படுகிறது. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

மறுக்கிறேன். ஆமோஸின் முதல் இரண்டு அதிகாரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 760 வாக்கில் யூதாவின் தெக்கோவாவிலிருந்து வடக்கே போய்ப் பேசிய மனிதர். சுற்றியுள்ள நாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் குற்றம் வாசிக்கிறார். தமஸ்கு கீலேயாத்தை இரும்புப் போரடிக்கும் கருவிகளால் நசுக்கியது. காசா ஒரு ஜனத்தையே சிறைபிடித்து ஏதோமுக்குக் கொடுத்தது. அம்மோன் தன் எல்லையை விரிவாக்கக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறியது. மோவாப் ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுண்ணாம்பாகும்வரை எரித்தது, அதில் பாதிக்கப்பட்டவன் இஸ்ரவேலன்கூட இல்லை. தமஸ்குவில் ஆதாத், மோவாபில் கேமோஷ் என்று ஆளுக்கொரு சாமி இருந்தது ஆமோசுக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தச் சாமிகளைக் கும்பிட்டது ஒரு குற்றமாக அந்தப் பட்டியலில் வரவில்லை. போரில் செய்த கொடுமைதான் குற்றம்.

சாமி விஷயம் எப்போது வருகிறது என்றால், சொந்த வீட்டுக்குள் நுழைந்த பிறகு. யூதாவின் முறை வரும்போது அவர்கள் முன்னோர் பின்பற்றிய பொய்கள் என்கிறார், அதை விக்கிரகங்கள் என்றுதான் பலரும் வாசிக்கிறார்கள். இஸ்ரவேலின் முறை வரும்போது ஒரு ஜோடு பாதரட்சைக்கு ஏழையை விற்றதும் பலிபீடமும் ஒரே மூச்சில் வருகின்றன: அடமானமாக வாங்கிய துணியை விரித்து ஒவ்வொரு பலிபீடத்தருகேயும் படுத்துக்கொள்கிறார்களாம், அபராதமாகப் பிடுங்கிய திராட்சரசத்தைத் தங்கள் தேவனுடைய வீட்டில் குடிக்கிறார்களாம்.

அடமானத் துணி சும்மா வர்ணனைக்காகச் சொன்னதில்லை. ஏழையின் மேலாடையை அடமானம் வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு, அவன் படுக்கும்போது போர்த்திக்கொள்ள வேறென்ன இருக்கிறது என்று யாத்திராகமம் 22 கேட்கிறது. 1960-ல் மத்தியதரைக் கடலோரத்தில் மெசாத் அஷவியாகு என்ற சிறு கோட்டையில் ஒரு ஓட்டுச்சில் கிடைத்தது, கி.மு. ஏழாம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்கு எழுதிய மனு: என் வேலையை முடித்துவிட்டேன், என் துணியைப் பிடுங்கிக்கொண்டார்கள், கூட வேலை செய்தவர்கள் எனக்குச் சாட்சி, திருப்பித் தரச் சொல்லுங்கள். ஆமோசுக்கு நூறு வருஷத்துக்கும் மேல் பிந்தியது, ஆனால் அவர் எதைப் பார்த்துக் கொதித்தார் என்று அந்த ஓட்டில் தெரிகிறது.

ஜூன் 3

நினிவேக்கு அனுப்பப்பட்ட யோனாவின் கதையும் இதற்கு உதாரணம்தானே என்று எழுதியவருக்கு: ஆமாம், சரியான உதாரணம். நினிவே முழுக்க இஷ்தார் கோயிலும் நபூ கோயிலுமாக இருந்த நகரம். அதன் ராஜா ஜனங்களிடம் கேட்பது பொல்லாத வழியையும் கைகளில் உள்ள கொடுமையையும் விட்டுவிடுங்கள் என்று மட்டும்தான். சிலைகளை உடைத்தார்கள் என்று கதையில் இல்லை. தேவன் மனம் மாறுகிறார், ஊர் தப்புகிறது.

ஜூன் 4

கன்றுக்குட்டி விஷயத்துக்கு வருவோம், அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ஓசியாவைத் தொடவே முடியாது.

ராஜ்யம் வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என்று இரண்டாகப் பிரிந்ததும் வடக்கின் முதல் ராஜா யெரொபெயாம் பெத்தேலில் ஒன்று, தாணில் ஒன்று என்று இரண்டு பொன் கன்றுக்குட்டிகளை வைத்தான். ஜனங்கள் பலி செலுத்த எருசலேமுக்குப் போனால் மனசும் அங்கேயே போய்விடும் என்ற பயம். நிறுவியபோது அவன் சொன்னது என்ன? உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்த தெய்வம் இதுதான் என்றான். புதிதாக ஒரு சாமியை இறக்குமதி செய்யவில்லை. பழைய கர்த்தரைத்தான், பார்க்கக்கூடிய, ராஜாவின் எல்லைக்குள் அடங்கக்கூடிய ஒரு வடிவத்தில் வைத்தான். அந்தக் காளை கர்த்தர் நிற்கும் பீடம் மாத்திரமே என்று ஜனங்கள் நினைத்திருக்கவும் கூடும், சீரியா, கானான் பக்கத்துச் சிற்பங்களில் புயல் தெய்வம் காளையின்மேல் நிற்பது சாதாரணம். 1978-ல் சமாரியா மலைநாட்டின் வடக்கில் கிட்டத்தட்ட 18 செ.மீ. நீளமுள்ள ஒரு வெண்கலக் காளை கிடைத்தது, கி.மு. பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கிலானது. யெரொபெயாமுக்கு முன்பே அந்த மண்ணில் காளை புனிதமாக இருந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். கானானியரின் பாகாலை வேரோடு பிடுங்கிய யெகூ ராஜா இந்தக் கன்றுகளைத் தொடவில்லை. எலியா அவற்றைக் கண்டித்ததாக ஒரு வசனம்கூடக் கிடையாது.

ஆக, கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஓசியா, சமாரியாவே, உன் கன்றுக்குட்டி உன்னைக் கைவிடும், அதைத் தட்டான் செய்தான், அது தேவன் அல்ல என்று சொன்னபோது கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். நாங்கள் கர்த்தரைத்தானே கும்பிடுகிறோம் என்றிருப்பார்கள். ஊர் திருவிழா, அரசாங்கச் செலவு, பட்டம் கட்டிய ஆசாரியர்கள், இருநூறு வருஷப் பழக்கம். ஆமோஸ் பெத்தேலில் பேசப் போனபோது அங்கிருந்த ஆசாரியன் அமத்சியா சொன்னதைப் பாருங்கள்: இங்கே பேசாதே, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், ராஜ்யத்தின் அரமனை. யாருடைய வீடு என்பது அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது.

தீர்ப்பு எப்படி வருகிறது? ஓசியா 10 அந்தக் கன்றே அசீரியாவுக்குக் காணிக்கையாகத் தூக்கிச் செல்லப்படும் என்கிறது. அடுத்த சில பத்தாண்டுகளில், கி.மு. 722-ஐ ஒட்டி, சமாரியா விழுந்தது. அசீரிய ராஜா இரண்டாம் சர்கோனின் கல்வெட்டுகள் 27,290 பேரைக் கொண்டுபோனதாகச் சொல்கின்றன. நிம்ரூதில் கிடைத்த களிமண் பட்டகத்தில் எண்ணிக்கை 27,280, கூடவே அவர்கள் நம்பியிருந்த தெய்வங்களையும் கொள்ளையாக எண்ணிக்கொண்டேன் என்று ஒரு வரி. அதை முதல்முறை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எழுதியவன் எதிரி, அவனுக்கு ஓசியா யாரென்று தெரியாது. நம்பினவனும் நம்பப்பட்டதும் ஒரே வண்டியில் போவதை அவன் கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறான்.

வானத்திலிருந்து நெருப்பு இறங்கவில்லை என்பதையும் பாருங்கள். ஓசியாவின் தேவன் பெரும்பாலும் விலகிக்கொள்கிறவர். தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் நான் கொடுத்தது என்று அவள், மனைவியாக உருவகிக்கப்பட்ட இஸ்ரவேல், அறியாமல் போனாள், அதனால் என் தானியத்தை அதின் காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்கிறார். நாலாம் அதிகாரத்தில் எப்பிராயீம், அதாவது வடக்கு ராஜ்யம், விக்கிரகங்களோடு சேர்ந்திருக்கிறான், அவனைப் போகவிடு என்கிறார். பட்டயத்தை விடவும் அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 6

கேட்டவரே திரும்பி வந்து நல்ல வசனங்களாக அடுக்கியிருக்கிறார். எகிப்து தேவர்களின் கோயில்களைக் கொளுத்துவேன் என்று எரேமியா 43. எகிப்தின் நோப் நகரத்து விக்கிரகங்களை ஒழிப்பேன் என்று எசேக்கியேல் 30. பூமியின் தேவர்களையெல்லாம் மெலியப்பண்ணுவார் என்று செப்பனியா 2. பாபிலோனின் பெரிய சாமியான பேல், அதாவது மர்துக், வெட்கப்பட்டான் என்று எரேமியா 50. அயலாரின் சாமிகள்மேல் கோபம் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள் என்கிறார்.

நியாயமான அடி. ஆமோசை மட்டும் வைத்து எல்லாத் தீர்க்கதரிசிகளையும் அளக்க முடியாது, பேரரசுகள் வந்த பிறகு பேச்சு மாறுகிறது. அசீரியா, பாபிலோன், எகிப்து மூன்றும் தங்கள் வெற்றியைத் தங்கள் சாமியின் வெற்றி என்று கல்லில் எழுதி வைத்த அரசுகள். ஏசாயா 10-ல் அசீரிய ராஜா பேசுவதாக வருகிறது: எருசலேமையும் சமாரியாவையும் விடப் பெரிய சிலைகள் இருந்த ராஜ்யங்களையே என் கை பிடித்தது, சமாரியாவுக்குச் செய்ததை எருசலேமுக்கும் அதன் விக்கிரகங்களுக்கும் செய்யாமல் விடுவேனா? அவனுக்குக் கர்த்தரும் வரிசையில் இன்னொரு உள்ளூர்ச் சாமி. அந்த மாதிரி ராஜாவின் சாமியைப் பற்றிப் பேசுவது, அந்த ராஜாவின் அதிகாரத்தைப் பற்றிப் பேசுவதுதான். தெருக்கோடியில் விளக்கேற்றுகிற கிழவியைப் பற்றிய பேச்சாக அதை நான் வாசிக்கவில்லை.

ஏசாயா 46-ஐயே எடுங்கள். பேல் பணிகிறான், நேபோ குனிகிறான், அவர்களின் சிலைகள் மிருகங்களுக்குச் சுமையாகின்றன, களைத்த மிருகங்கள் தள்ளாடுகின்றன. உடனே அடுத்த வரி யாரிடம்? யாக்கோபின் வீட்டாரே, கேளுங்கள், உங்களைத் தாயின் வயிற்றிலிருந்து நான் சுமந்தேன், நரைவயதுவரை சுமப்பேன். பாபிலோனில் சிறைப்பட்டு, வருஷாவருஷம் அகீத்து திருவிழாவில் மர்துக்கின் ஊர்வலத்தைத் தெரு ஓரத்தில் நின்று பார்த்து, நம்ம கர்த்தர் தோற்றுப்போனார் என்று மனம் உடைந்தவர்களுக்குச் சொன்னது இது.

அப்புறம், இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அந்தக் காட்சி அப்படியே நடக்கவில்லை. கி.மு. 539-ல் பெர்சிய ராஜா கோரேசு பாபிலோனைப் பிடித்தபோது மர்துக்கின் கோயிலை யாரும் கொள்ளையடிக்கவில்லை. அதற்கு முன்பே பாபிலோனின் கடைசி ராஜா நபோனிதஸ் தன் கடைசி நாட்களில் கீஷ், மாரத் போன்ற ஊர்களின் சாமி சிலைகளைத் தலைநகருக்கு இழுத்து வந்தான், ஆனால் நேபோவின் ஊரான போர்சிப்பாவின் சாமிகள் வரவில்லை என்று பாபிலோனிய நாளாகமமே சொல்கிறது. 1879-ல் கிடைத்த கோரேசின் களிமண் உருளையில் அவன், மர்துக்தான் என்னைத் தேடிக் கண்டுபிடித்து என் கையைப் பிடித்தார், அந்தச் சாமிகளை அவரவர் ஊருக்கு நான் திருப்பி அனுப்பினேன் என்கிறான். ஏசாயா 45 கோரேசை கர்த்தர் அபிஷேகம் பண்ணினவன் என்கிறது. ஒரே ராஜா, ஒரே வருஷம், இரண்டு ஜனங்கள் இரண்டு விதமாகச் சாட்சி சொல்கிறார்கள். இது என் விசுவாசத்தைக் குலைக்கவில்லை. சிறைப்பட்டவர்கள் வீடு திரும்பினார்கள், அதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்த செய்தி. ஆனால் மேடையில் ஏசாயா 46 எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது என்று முழங்குபவர்கள் அந்த உருளையையும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

ஜூன் 7

ஏசாயா 44 பற்றிக் கேட்டிருந்தீர்கள். தச்சன் ஒரு மரத்தை வெட்டி, பாதியில் குளிர்காய்ந்து, அப்பம் சுட்டு, இறைச்சி பொரித்து, மீதியைச் சாமியாகச் செய்து என்னை இரட்சியும் என்று விழுந்து கும்பிடுகிறான். பிரசங்கிகளுக்கு மிகவும் பிடித்த பகுதி.

என் அம்மாவின் வழியில் பாதிக் குடும்பம் இந்துக்கள். ஒருமுறை ஒரு கன்வென்ஷனுக்குப் பெரியம்மா எங்களோடு வந்திருந்தார், எங்கள் மேலுள்ள பாசத்துக்காக மட்டும். பிரசங்கியார் இந்த அதிகாரத்தை எடுத்து நடித்தே காட்டினார், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் கோபமே இல்லாமல் கேட்டார்: "வெட்டின மரமெல்லாம் சாமியாகிடுமாய்யா? கண்ணு தெறந்தாத்தானே சாமி. அது அவருக்குத் தெரியாதா?"

என்னிடம் பதில் இல்லை. பல வருஷம் கழித்துத்தான் பாபிலோனியர்களின் வாய் கழுவும் சடங்கைப் பற்றி வாசித்தேன். பெரியம்மா கேட்டதை அவர்களும் கேட்டிருப்பார்கள். சிலை செய்து முடிந்ததும் ஆற்றங்கரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் இரவெல்லாம் சடங்கு. வாய் திறக்காத சிலை தூபத்தை முகராது, உணவு உண்ணாது, தண்ணீர் குடிக்காது என்று அவர்களுடைய மந்திரமே சொல்கிறது. செய்த தச்சனின், தட்டானின் கைகளைத் துணியால் கட்டி, மரக்கத்தியால் வெட்டுவது போலப் பாவனை செய்வார்கள். நான் செய்யவில்லை, தச்சர்களின் தெய்வம் செய்தது என்று அவன் ஆணையிட வேண்டும். அசீரிய ராஜா எசரத்தோன், தெய்வங்களை உருவாக்க மனுஷனுக்கு என்ன தகுதி என்று தன் கல்வெட்டில் கூசிப்போய்க் கேட்கிறான். மரத்தைக் கும்பிடுகிறோம் என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை.

அப்படியென்றால் ஏசாயா தெரியாமல் கேலி செய்தாரா? இல்லை என்று நினைக்கிறேன். ஆணையிட்டு மறைத்த அந்தக் கைகளைத்தான் அவர் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்: தச்சனின் நூல், உளி, அளவுகோல், கொல்லனின் பசி, தண்ணீர் குடிக்காமல் அவன் களைத்துப்போவது. சடங்கு எந்த மனிதர்களை அழித்ததோ அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அதைச் சொன்னது சிறைப்பட்ட தன் ஜனத்திடம், ஊரின் பெரிய கோயில் கோபுரத்தின் நிழலில், கையில் எந்த அதிகாரமும் இல்லாதபோது. கையில் மைக்கும் பின்னால் கூட்டமும் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் குனியவைப்பது அதே காரியம் ஆகாது. வசனம் ஒன்றாக இருந்தாலும் ஆகாது.

இரண்டு அதிகாரம் முன்னால், ஏசாயா 42-ல், விக்கிரகங்களை நம்புகிறவர்கள் வெட்கப்படுவார்கள் என்று சொன்ன கையோடு குருடன் யார், செவிடன் யார் என்று ஒரு கேள்வி வருகிறது. பதில் பாபிலோன்காரன் என்று எதிர்பார்ப்போம். என் தாசனைத் தவிர வேறு யார் குருடன் என்கிறார் கர்த்தர். கண்ணிருந்தும் காணாத, காதிருந்தும் கேளாத நிலை விக்கிரகத்துக்குச் சொல்லப்படுவது, அதையே தன் ஜனத்துக்குச் சொல்கிறார். வணங்குகிறதைப் போலவே ஆகிவிடுவதுதான் தீர்ப்பு. ஓசியா 9-ம் எரேமியா 2-ம் இதையே சொல்கின்றன.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

பெரியம்மா இப்போது இல்லை. அந்தக் கேள்விக்கு அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 9

எசேக்கியேல் 8. இந்த இழையில் ஒரே ஒரு அதிகாரம்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்பவர்கள் இதை வாசியுங்கள்.

கி.மு. 592. பாபிலோனில், சிறைப்பட்டவர்களின் குடியிருப்பில், எசேக்கியேல் தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், யூதாவின் மூப்பர்கள் எதிரே. தரிசனத்தில் எருசலேம் ஆலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போகப்படுகிறார். ஒவ்வொரு இடத்திலும் இதைவிட அதிக அருவருப்பைக் காண்பாய் என்று உள்ளே உள்ளே அழைத்துப் போகிறார்கள். வடக்கு வாசலில் எரிச்சலூட்டும் சிலை. பிறகு சுவரில் ஒரு துவாரம், அதைக் குடைந்தால் ஒரு கதவு, உள்ளே இருட்டில் 70 மூப்பர்கள் கையில் தூபகலசத்தோடு, சுவரெங்கும் ஊரும் பிராணிகளின் சித்திரங்கள். பிறகு பாபிலோனியரின் தெய்வமான தம்மூசுக்காக அழுகிற ஸ்திரீகள். கடைசியில் ஆலயத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே சூரியனைக் கும்பிடும் 25 பேர்.

அந்த எழுபது பேரின் நடுவே பெயர் சொல்லப்படுகிறவன் ஒருவன்தான்: சாப்பானின் மகன் யசனியா. கி.மு. 622-ல் ஆலயத்தில் நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்தபோது அதை யோசியா ராஜாவுக்கு வாசித்துக் காட்டியவன் பெயரும் சாப்பான். அவனுடைய இன்னொரு மகன் அகீக்காம் எரேமியாவின் உயிரைக் காப்பாற்றியவன். அதே குடும்பம் என்றால், அந்தப் பெயரைக் கேட்டதும் எதிரே உட்கார்ந்திருந்த மூப்பர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

இருட்டில் அவர்கள் சொல்வது என்ன தெரியுமா? கர்த்தர் நம்மைப் பார்க்கவில்லை, கர்த்தர் தேசத்தைக் கைவிட்டார். இதை வில்லன்களின் பேச்சாக என்னால் வாசிக்க முடியவில்லை. ஐந்து வருஷம் முன்னால்தான் நேபுகாத்நேச்சார் ராஜாவையும் பத்தாயிரம் பேரையும் கொண்டுபோயிருந்தான். பயந்துபோனவர்கள் எந்தக் கதவு திறக்கும் என்று ஒவ்வொன்றாகத் தட்டுகிறார்கள்.

ஆனால் அதே அதிகாரத்தின் பதினேழாம் வசனத்தை யாரும் மேடையில் வாசிப்பதில்லை. இந்த அருவருப்புகள் போதாதென்று தேசத்தைக் கொடுமையால் நிரப்பினார்களே என்கிறார். ஒன்பதாம் அதிகாரத்தில் இரத்தப்பழியால் தேசம் நிறைந்திருக்கிறது, நகரம் அநியாயத்தால் நிறைந்திருக்கிறது என்கிறார். ஆமோசில் பலிபீடத்தருகே கிடந்த அடமானத் துணிதான் இங்கேயும். சங்காரம் தொடங்குவதற்கு முன் மைக்கூடு வைத்திருக்கும் ஒருவன் நகரத்தின் ஊடே போய், நடக்கிறதைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் போடுகிறான். அப்புறம் வருகிற கட்டளை: என் பரிசுத்த ஸ்தலத்திலே துவக்குங்கள். ஆலயத்துக்கு முன்பாக இருந்த மூப்பர்களிடம் துவக்குகிறார்கள்.

பாகால் கோயிலில் துவக்கவில்லை. தம்மூசின் ஊரில் துவக்கவில்லை.

ஜூன் 12

எரேமியா 44 எனக்குப் பல வருஷமாக முள்ளாகக் குத்துகிற அதிகாரம்.

எருசலேம் விழுந்தாயிற்று. மிச்சம் மீதி ஜனம் எகிப்துக்கு ஓடி, எரேமியாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அங்கேயும் வானராக்கினி என்ற தேவிக்குத் தூபம் காட்டுகிறார்கள் என்று அவர் கடிந்துகொள்கிறார். அதற்கு ஆண்களும் ஸ்திரீகளும் சேர்ந்து சொல்லும் பதில் வேதத்திலேயே அப்படியே இருக்கிறது, யாரும் வெட்டி எறியவில்லை: நாங்கள் அவளுக்குத் தூபம் காட்டி, அவள் உருவத்தில் பணியாரம் சுட்டு, பானபலி ஊற்றிய காலத்தில் வயிறார அப்பம் தின்றோம், நன்றாக இருந்தோம், ஒரு தீங்கையும் காணவில்லை. எப்போது நிறுத்தினோமோ அப்போதிலிருந்துதான் பட்டயமும் பஞ்சமும்.

கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. யோசியா மேடைகளை இடித்து, அசேரா என்ற தேவியின் சின்னத்தை எரித்து, எல்லாவற்றையும் சுத்தம் செய்தான். கி.மு. 609-ல் மெகிதோவில் பார்வோன் நேகோவின் கையில் செத்தான், வயது 39. அதன்பின் நாடு நிமிரவே இல்லை. ஏழாம் அதிகாரத்தில் அதே வழிபாட்டை எரேமியா விவரிக்கும்போது பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், அப்பாக்கள் நெருப்பு மூட்டுகிறார்கள், ஸ்திரீகள் மாவு பிசைகிறார்கள். கண்டனமாகச் சொல்வதற்குள் ஒரு குடும்பமே அடுப்பங்கரையில் தெரிந்துவிடுகிறது. யூதாவின் எட்டாம், ஏழாம் நூற்றாண்டு வீடுகளில் மார்பைக் கைகளால் தாங்கிய பெண்ணின் சிறு களிமண் உருவங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. குந்திலத் அஜ்ரூத் என்ற பாலைவன இடத்தில் 1975-76-ல் தோண்டியபோது ஒரு பெரிய ஜாடியில் சமாரியாவின் யாவே (கர்த்தரின் பெயர்), அவருடைய அசேரா என்ற ஆசீர்வாதம் எழுதியிருந்தது. கர்த்தரை விட்டுவிட்டோம் என்று இவர்கள் யாரும் நினைக்கவில்லை.

எரேமியா அதே கணக்கைத் திருப்பிப் போடுகிறார்: தூபம் காட்டியதால்தான் இந்தத் தீங்கு வந்தது. அடையாளமாகப் பார்வோன் ஒப்பிரா சத்துருக்கள் கையில் விழுவான் என்கிறார், கி.மு. 570 வாக்கில் அவன் அரியணை இழந்தது உண்மை. ஆனால் அந்த ஸ்திரீகள் மனம் மாறியதாக ஒரு வரியும் இல்லை. கி.மு. 400 வாக்கில் நைல் நதியின் எலிபன்டைன் தீவிலிருந்த யூதக் குடியிருப்பின் காணிக்கைப் பட்டியல் ஒன்று கிடைத்திருக்கிறது, அதில் யாகுவுக்கு, அதாவது கர்த்தருக்கு, 126 சேக்கல், ஆனாத்-பெத்தேல் என்ற தேவிக்கு 120.

நன்மை கிடைத்ததா என்ற அளவுகோலில் எரேமியா ஜெயிக்கவில்லை. அந்த அளவுகோலை அவர் மதித்திருந்தால் அவரே கர்த்தரை விட்டிருப்பார், துரவில் இறக்கப்பட்டவர், அடிபட்டவர், கல்யாணம் இல்லாதவர். நாங்கள் நன்றாக இருந்தோம் என்று அவர்கள் சொன்னபோது அவர் கேட்டது வேறு: யார் நன்றாக இருந்தது? அந்த நல்ல காலத்தில்தான் ஏழாம் அதிகாரத்தின் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் ஒடுக்கப்பட்டார்கள்.

ஜூன் 12, பின்னிரவு

மேலே எழுதியதில் கடைசிப் பத்தி கொஞ்சம் வசதியாக முடிந்துவிட்டது. 44-ஆம் அதிகாரத்தில் எரேமியா விதவையைப் பற்றிப் பேசவில்லை, ஏழில் பேசியதை நான் இங்கே கொண்டுவந்து வைக்கிறேன். புஸ்தகம் முழுவதையும் ஒன்றாக வாசித்தால் அது பொருந்தும் என்று நம்புகிறேன், ஆனால் அந்த ஸ்திரீகளுக்கு அன்று அவர் சொன்ன பதில் பட்டயமும் பஞ்சமும் கொள்ளைநோயும்தான். அதை மென்மையாக்கக் கூடாது.

ஜூன் 15

விக்கிரகம் ஒன்றுமில்லை என்றால் ஏன் இத்தனை கோபம் என்ற முதல் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். எருசலேமுக்குத் தெற்கே இன்னோம் பள்ளத்தாக்கு. அங்கே தோப்பேத் என்ற இடத்தில் தங்கள் குமாரரையும் குமாரத்திகளையும் நெருப்பில் எரித்தார்கள் என்று எரேமியா மூன்று இடங்களில் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் கூடவே ஒன்று வருகிறது: நான் கட்டளையிடவில்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை. இதை ஏன் அத்தனை முறை மறுக்க வேண்டும்? செய்தவர்கள் கர்த்தர் கேட்டார் என்று நம்பித்தான் செய்திருக்க வேண்டும். மீகா 6-ல் ஒருவன் என் மீறுதலுக்காக என் முதற்பேறானவனைக் கொடுக்கலாமா என்று கர்த்தரிடமே கேட்கிறான். எசேக்கியேல் 20 இன்னும் கடினமாகப் பேசுகிறது, அதை இங்கே அவசரமாகத் தொட விரும்பவில்லை.

ஒன்றுமில்லாத ஒன்று பிள்ளையைக் கேட்கிறது, அப்பன் கொடுக்கிறான். கோபம் சிலையின் மேல் என்று எப்படிச் சொல்வது?

எருசலேம் முற்றுகையில் செத்த குழந்தைகளை என்ன சொல்வீர்கள் என்று அடுத்த கேள்வி வரும், வர வேண்டும். புலம்பல் புஸ்தகம் அதைக் கர்த்தரிடமே கேட்கிறது: யாருக்கு இப்படிச் செய்தீர் என்று நோக்கிப்பாரும். அந்தக் கேள்விக்கு அந்தப் புஸ்தகத்தில் பதில் வராது. எங்கள் வாலிபர் வகுப்பில் இந்தப் பகுதிக்கு வரும்போது நான் விளக்கம் சொல்வதில்லை, சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூன் 16

கேட்டவர் எழுதியிருக்கிறார்: சரி, உள்வீட்டுத் தீர்ப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன், அப்படியானால் அயலாருக்குக் கடைசியில் என்னதான்?

ஏசாயா 19-ஐ முதலிலிருந்து கடைசிவரை ஒரே இருப்பில் வாசியுங்கள். கர்த்தர் மேகத்தின்மேல் ஏறி எகிப்துக்கு வருகிறார், எகிப்தின் விக்கிரகங்கள் அவருக்கு முன்பாக நடுங்குகின்றன. நைல் வற்றுகிறது, மீன்பிடிக்கிறவர்கள் புலம்புகிறார்கள், சோவான் பட்டணத்துப் பிரபுக்கள் மூடராகிறார்கள். இங்கேயே நிறுத்திவிடுகிற பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதிகாரம் தொடர்கிறது. எகிப்தின் நடுவில் கர்த்தருக்கு ஒரு பலிபீடம், எகிப்தியர் கூப்பிடும்போது அவர்களுக்கு ஒரு இரட்சகர், எகிப்துக்கும் அசீரியாவுக்கும் நடுவே பெரும்பாதை, இரு ஜனமும் சேர்ந்து ஆராதிக்கிறார்கள். முடிவில் எகிப்தை என் ஜனம் என்கிறார், அசீரியாவை என் கையின் கிரியை என்கிறார், இஸ்ரவேல் மூன்றாவதாக வருகிறது. சமாரியாவைச் சுமந்துகொண்டு போன அதே அசீரியா.

அந்தக் கடைசி இரண்டு வசனங்களை எந்த மேடையிலாவது கேட்டவர்கள் இருந்தால், என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள்.